விமானத்திற்கு வழி சொல்லும் ரேடியோ அலைகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அய்யலூரில் விமான நிலையம் இல்லை. ஆனால் வடகிழக்கே திருச்சி, தெற்கே மதுரை என இரண்டு விமான நிலையங்கள், நேர்கோட்டில் அளந்தால் ஒவ்வொன்றும் சுமார் 70 கி.மீ. தூரத்தில் உள்ளன. மேகத்திற்குள் நுழைந்துவிட்ட பைலட்டிற்கு ஊரும் தெரியாது, மலையும் தெரியாது. அவருக்கு வழி காட்டுபவை ரேடியோ அலைகளே. அவை எப்படிச் செயல்படுகின்றன என்று இங்கு பார்க்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க இரண்டு பயிற்சிகளும் உண்டு.

பேசுவதற்கு: நம் வீட்டு எப்.எம். ரேடியோ 108 மெகாஹெர்ட்ஸுடன் முடிகிறது. அதற்குச் சற்று மேலே, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பைலட்டும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்கின்றனர். இதில் 121.5 மெகாஹெர்ட்ஸ் ஆபத்துக் காலத்திற்கென ஒதுக்கப்பட்டது. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. எனவே 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்திற்கு 400 கி.மீ. வரை எட்டும். தரையில் இருப்பவருக்கு அவ்வளவு தூரம் எட்டாது.

திசை அறிய: விமான நிலையத்தில் உள்ள வி.ஓ.ஆர். என்னும் கருவி இரண்டு சிக்னல்களை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி இருக்கும். மற்றொன்று திசைக்குத் திசை சற்றுப் பின்தங்கி வரும். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விமானத்தில் உள்ள கருவி கணக்கிட்டு, "நிலையத்திலிருந்து நீ இத்தனையாவது டிகிரியில் இருக்கிறாய்" என்று காட்டிவிடும்.

தூரம் அறிய: இது டி.எம்.இ. கருவியின் வேலை. விமானம் ஒரு துடிப்பை அனுப்பும். தரைக் கருவி சரியாக 50 மைக்ரோ செகண்ட் கழித்துப் பதில் அனுப்பும். பதில் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. ஒரு கடல் மைலுக்கு (1.852 கி.மீ.) போய்வர 12.36 மைக்ரோ செகண்ட் ஆகும்.

பயிற்சி 1: இணையத்தில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து திருச்சி விமான நிலையத்தைத் தேடவும். அதன் மீது மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் ஒரு மெனு கிடைக்கும். அதில் "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, பின் அய்யலூர் மீது கிளிக் செய்திடவும். சுமார் 67 கி.மீ. எனக் காட்டும். இதை 1.852-ஆல் வகுத்தால் 36 கடல் மைல். திசை ஏறத்தாழ 240 டிகிரி, அதாவது தென்மேற்கு. திருச்சியின் கருவிகள் "240 டிகிரி, 36 மைல்" என்று காட்டினால் விமானம் அய்யலூருக்கு மேலே பறக்கிறது என்று பொருள். அந்தப் பதில் வந்து சேர எடுக்கும் நேரம் 495 மைக்ரோ செகண்ட் மட்டுமே!

தரை இறங்க: இதற்கு ஐ.எல்.எஸ். உதவுகிறது. ஓடுதளத்தின் மறுகோடியைத் தாண்டி நிற்கும் ஆன்டெனா வரிசை, பைலட்டிற்கு இடப்பக்கம் 90 ஹெர்ட்ஸ், வலப்பக்கம் 150 ஹெர்ட்ஸ் ஒலியைக் கூடுதலாக அனுப்பும். இரண்டும் சமமாக இருந்தால் விமானம் நடுக்கோட்டில் வருகிறது. இன்னொரு ஆன்டெனா, வழக்கமாக 3 டிகிரி சரிவில், எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதைக் காட்டும்.

2018 அக்டோபர் 12 அன்று அதிகாலை திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் இந்த ஐ.எல்.எஸ். ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதியது. உள்ளே 136 பேர் இருந்தனர். விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. ஐ.எல்.எஸ். செயல்படாதபோது வி.ஓ.ஆர்., டி.எம்.இ. உதவியுடன் இறங்க முடியும். ஆனால் அப்போது பைலட் இன்னும் அதிக உயரத்திலேயே ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஜி.பி.எஸ். போதாதா? நம் நாட்டில் ஜி.பி.எஸ். கணக்கைத் திருத்திக் கொடுக்கும் "ககன்" என்னும் செயற்கைக்கோள் அமைப்பும் உள்ளது. 2022-ல் இண்டிகோ விமானம் ஒன்று இதன் உதவியுடன் ராஜஸ்தானின் கிஷன்கரில் இறங்கியது. ஆனால் விண்ணிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. போலி சிக்னல் அனுப்பி அதை ஏமாற்ற முடியும். 2025-ல் டில்லி விமான நிலையத்தில் ஜி.பி.எஸ். முறையில் இறங்க வந்த சில விமானங்களுக்கு இது நேர்ந்தது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பழைய தரைக் கருவிகள் இயங்கிய ஓடுதளங்களில் பாதிப்பு இல்லை. ஒரு சிக்னல் பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பழைய கருவிகளை முழுவதும் அகற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி 2: பெரும்பாலான பயணிகள் விமானங்கள் தம் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் தாமாகவே அறிவித்துக்கொண்டே செல்கின்றன. இவற்றைத் திரட்டி வரைபடத்தில் காட்டும் தளம் ஃபிளைட்ரேடார்24. இதைத் திறந்து திண்டுக்கல் பகுதியைப் பெரிதாக்கி, மஞ்சள் நிற விமானப் படத்தின் மீது கிளிக் செய்தால் எங்கிருந்து எங்கு செல்கிறது, உயரம், வேகம் ஆகியவை கிடைக்கும். ஒன்றை நினைவில் கொள்ளவும். விமானம் தன் ஜி.பி.எஸ். சொல்வதையே அறிவிக்கிறது. ஜி.பி.எஸ். ஏமாற்றப்பட்டால், உங்கள் மானிட்டரிலும் விமானம் தவறான இடத்தில்தான் தெரியும்.