கானல்வரியில் கடலும் மறைந்த துயரும்

நெய்தல் நிலத்தின் உரிப்பொருள் இரங்கல் என்பதை நாம் அனைவரும் பள்ளிநாளிலேயே மனனம் செய்திருப்போம். கடலைப் பாடும் பாட்டில் அவ்விரக்கம் எங்கே மறைந்துள்ளது என்று தேடிப் பயின்றவர் சிலரே. அதற்கு ஏற்ற பகுதி, சமண முனிவராகிய இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்தில் ஏழாவதாக அமைந்த கானல்வரி.

இந்திரவிழாவின் முடிவில், புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் அமர்ந்துள்ளனர். கோவலன் முதலில் யாழிசைத்துப் பாடுகிறான். சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் காவிரி ஊடுவதில்லை என்னும் கருத்தும் அதில் வருகிறது. அவன் மனம் வேறொருத்திபால் சென்றதென எண்ணிய மாதவி, ஊடலுடன் யாழை வாங்கி, தானும் வேறு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். 'போல்' என்னும் அவ்வுருபை அடிகள் நமக்காக வைத்தார். அது கோவலன் செவிக்கு எட்டாதது.

இனி, அவள் பாடிய கடலைக் காண்போம். துணையோடு ஆடும் நண்டை நோக்கி, தலைவியையும் நோக்கி, அவள் உணர்வழிய அகன்ற தலைவன் ஒரு பாட்டில் வருகிறான். மற்றொன்றில், காதலனுடைய தேர் சென்ற சுவட்டைக் கடலோதம் ஏறி அழித்துவிடுகிறது. தலைவியோ அவ்வோதத்தை வாழ்த்தியே குறைகூறுகிறாள். வையவேண்டிய இடத்தில் வாழ்த்து!

பணியாற்றிய காலமெல்லாம், மாதவியின் விளையாட்டு வினையாயிற்று என்றே யாம் இப்பகுதியைக் கற்பித்து வந்தோம். இப்போது சுங்குவார்சத்திரத்தில், தொழிற்சாலை விடுதியில் தங்கிப் பணிபுரியும் நாகைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, போட்டித் தேர்வுக்காக ஞாயிறுதோறும் எம் இல்லத்திற்கு வந்து தமிழ் பயில்கிறாள். லாரிகளின் இரைச்சலன்றி அலையோசை கேளாத ஊரில் கடற்பாட்டு! பொருள் கூறக் கேட்டவள், "சுவடு அழிஞ்சா அவர் போன வழி மட்டுமா டீச்சர் போகும்? திரும்பி வர்ற வழியும் போயிடுமே" என்றாள். பின்னர் நெடுநேரம் நூலையே பார்த்திருந்தாள். யாம் ஒன்றும் வினவவில்லை. வினாக் கேட்கும் முறைகளை ஆசிரியர் பயிற்சியில் விரிவாகக் கற்றோம். கேளாதிருக்க வேண்டிய வேளையைப் பற்றி அங்கே பாடம் இல்லை.

அவள் சென்றபின் பாட்டை மீண்டும் படித்தோம். அகப்பாட்டில் தலைவனுக்குப் பெயர் சுட்டுதல் மரபன்று. பெயரில்லாத அத்தலைவனைக் கோவலன் வேறொருவன் எனக் கொண்டான். அருகில் இருப்பவன் அகன்றுவிடுவான் என்னும் அச்சத்தையே மாதவி கடலின்மேல் ஏற்றிப் பாடினாள் என்பது எம் துணிபு. சுவடு அழிந்ததைப் பாடிய அன்றே கோவலன் எழுந்து செல்கிறான். மாதவி வண்டியேறித் தனியே மனை புகுகிறாள்.

"அவருக்கு அது கடைசிவரை புரியலையா டீச்சர்?" என்று அடுத்த ஞாயிறன்று கேட்டாள். புரிந்தது. மதுரைக்குச் செல்லும் வழியில், கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைப் படித்ததும், தீது அவளுடையதன்று, தன்னுடையதே என உணர்கிறான். இது புறஞ்சேரி இறுத்த காதையில் உள்ளது. அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் காட்டுமாறு கோசிகன் கையிலேயே தருகிறான். மாதவிக்கு மறுமொழி அனுப்பியதாக அடிகள் கூறவில்லை.