ரிப்பீட்டரில் பேசும் முன்…

மலை உச்சியிலோ உயர்ந்த கட்டடத்திலோ இருக்கும் ரிப்பீட்டர், ஹாம் வானொலியாளரின் கையடக்கக் கருவி அனுப்பும் மெலிந்த சிக்னலை வாங்கி, வேறொரு அலைவரிசையில் வலுவாக அனுப்புகிறது. 2 மீட்டர் பேண்டில் இந்த இரண்டு அலைவரிசைகளுக்கும் இடையிலான இடைவெளி பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

ஆகவே யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கவனித்துக் கேட்க வேண்டும். பிறகு பேசும் பட்டனை அழுத்தி, ஒரு நொடி கழித்து அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டால் முதல் சொல் காணாமல் போகும்.

எதிரில் இருப்பவர் முடித்ததும் உடனே தொடங்கிவிடக் கூடாது. ஓரிரு நொடி விட்டால்தான் அவசரச் செய்தி வைத்திருப்பவர் குறுக்கே வர முடியும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: 2004 சுனாமியில் தொலைபேசி துண்டிக்கப்பட்ட அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்தவர்களில் ஹாம்களும் உண்டு.

நீட்டி முழக்கினால் பல ரிப்பீட்டர்களில் டைமரே பேச்சைத் துண்டித்துவிடும். வியாபாரம், பாட்டு இரண்டுக்கும் இடமில்லை.

பக்கத்துத் தெரு நண்பருடன் பேச நேரடி அலைவரிசையே போதும். ரிப்பீட்டரைத் தொலைவில் இருப்பவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.