கடல் பார்த்த அறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். நீ அனுப்பிய படங்கள் வந்தன. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்து லாட்ஜின் பால்கனி, அதற்கு அந்தப் பக்கம் நீலக் கடல், கட்டில்மேல் துண்டை அன்னமாக மடித்து வைத்திருக்கிறான். வாடகையும் மலிவுதான். “புக் பண்ணட்டுமா பெரியப்பா?” என்று கேட்டிருக்கிறாய்.

உன் காசு, உன் லீவு. ஸ்டுட்கார்ட்டில் தனியாகச் சமைத்துத் துவைத்து வேலைக்கும் போகிற பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன், முடிவு உன்னுடையது. அந்தப் படத்தில் இருக்கிற அறை மட்டும் வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் வெள்ளையாக ஒரு துண்டு தெரிகிறதே, அது சுவர் இல்லை. ஃபெரியின் பின்பக்கம். அந்தத் துறைமுகத்தில் ஃபெரி எல்லாம் பின்பக்கமாக வந்து, கரையை ஒட்டி நின்று, பின்கதவை அப்படியே தளத்தில் இறக்கும். கதவு இரும்பு, தளம் கான்கிரீட். லாரி, கார், மோட்டார் சைக்கிள், மூட்டை முடிச்சோடு ஜனம், எல்லாம் அது வழியாகத்தான். நின்றாலும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கிரீட் தீவிலிருந்து ராத்திரி கிளம்புகிற கப்பல்கள் பொழுது விடிகிற நேரத்துக்கு வந்து சேரும். அப்போது லாரிக்காரர்கள் அடிக்கிற ஹாரனுக்கு நீ ஜன்னலை அடைத்தாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். காலை ஏழரைக்கு நக்ஸோஸ் தீவுக் கப்பலைப் பிடிக்க வேண்டியவள் முந்தின ராத்திரி தூங்க வேண்டாமா?

முதல் வழி, ஏதென்ஸுக்குள்ளேயே ஒமோனியா பக்கம் தங்குவது. அங்கே மலிவு லாட்ஜ் நிறைய உண்டு. ஆனால் விடியற்காலை பெட்டியோடு பச்சை லைன் ரயிலைப் பிடித்து பிரேயஸ் வர வேண்டும். 1869-ல் போட்ட பாதை அது. ரயிலில் குறை சொல்ல மாட்டேன், அதில் ஏறுகிற பிக்பாக்கெட்டுகளைத்தான் சொல்கிறேன். பையை முதுகில் போடாதே, முன்னால் போடு. ஃபாலிரோவில் ஒலிம்பியாகோஸ் ஃபுட்பால் மேட்ச் இருக்கிற அன்று அந்த ரயிலில் ஏறவே ஏறாதே.

இரண்டாவது, பிரேயஸிலேயே பாசாலிமானி, மிக்ரோலிமானோ, கஸ்தெல்லா பக்கம். அழகான இடம், இல்லை என்று சொல்லவில்லை. பாசாலிமானியில் பணக்காரன் படகுகள் வரிசையாக நிற்கும். கரை முழுக்கக் காபிக்கடை, பாட்டு நடுநிசி தாண்டியும் ஓயாது. கஸ்தெல்லா குன்று. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறிப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்தெருவில் பின்பக்கத்து அறை. முனிசிபல் தியேட்டர் என்று 1895-ல் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று உண்டு. அதன் வாசலிலேயே 2022 அக்டோபரில் மெட்ரோ ஸ்டேஷன் திறந்திருக்கிறார்கள். விமானத்திலிருந்து இறங்கி ஒரே ரயிலில் ஒரு மணி நேரத்தில் அங்கே வந்துவிடலாம், 9 யூரோ. நள்ளிரவுக்கு முன்பே அந்த ரயில் நின்றுவிடும். உன் விமானம் தாமதமானால் எக்ஸ்96 பஸ் ராத்திரி பகல் எந்நேரமும் ஓடும். டாக்சிக்காரனோடு பேரம் பேசிக்கொண்டு நிற்காதே. நொத்தாரா தெரு, ஃபிலோனோஸ் தெரு என்று லாட்ஜ் வந்தால் இணையத்தில் தேடிப் பார்த்துப் பயப்படாதே. த்ரூம்பா என்று அந்தப் பகுதிக்கு ஒரு காலத்தில் பெயர் கெட்டுக் கிடந்தது. 1967-க்குப் பிறகு ராணுவ ஆட்சியில் அதையெல்லாம் அடைத்துவிட்டார்கள். நான் போன காலத்திலேயே கப்பல் சாமான் கடைகளும் கம்பெனி ஆபீஸ்களும்தான். உங்கம்மாவிடம் மட்டும் இந்தத் தெருப்பெயர்களைச் சொல்லாதே, அவள் தேடிப் பார்ப்பாள்.

பின்பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவரும், ஏசி பெட்டிகளும், யாரோ காயப்போட்ட சட்டையும் தெரியும். தெரியட்டுமே. நீ அங்கே போவது தூங்க. மெத்தை நன்றாக இருக்கிறதா, ஏசி வேலை செய்கிறதா, ராத்திரி ரிசப்ஷனில் ஆள் உண்டா, லிஃப்ட் உண்டா, இந்த நாலையும் எழுதிக் கேள். கேட்டு வாங்கிய பதிலை வைத்துக்கொள். வாடகையோடு சேராமல் ஒரு வரி வாங்குவார்கள், சண்டைக்குப் போகாதே. பருவநிலைப் பாதுகாப்புக் கட்டணம் என்று சட்டப்படி உள்ளது. சீசனில் ஒன்று, இரண்டு நட்சத்திர லாட்ஜுக்கு அறைக்கு ராத்திரிக்கு 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5. பாத்ரூமில் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாதே என்று ஒட்டியிருப்பார்கள். குழாய் போட்டுப் பிழைத்தவன் சொல்கிறேன், அங்கே பழைய கட்டடங்களில் குழாய் குறுகல், அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கிற தொட்டியில் போடு. பைப் தண்ணீர் அங்கே நல்ல தண்ணீர், குடிக்கலாம். பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் கேட்பான். கொடு, எழுதிக்கொள்ளட்டும், கையோடு திரும்ப வாங்கு. “காலையில் தருகிறேன்” என்றால் அங்கேயே நில்.

கடல் பார்த்த அறை என்றால் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று நினைப்பாய். பிரேயஸில் நான் மாட்டிக்கொண்ட அந்தக் கப்பல் விஷயம் உனக்குத் தெரியும், உங்கப்பா சொல்லியிருப்பான், அவன் சொல்கிற விதத்தில். முதலாளி கைகழுவிவிட்டான். துறைமுகத்துக்காரன் கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டான். ஏஜெண்ட் எங்களைக் கரையில் இறக்கி, நாலு பேருக்கு ஓர் அறை என்று ஒரு லாட்ஜில் அடைத்துவிட்டுப் போனான். துறைமுகத்தைப் பார்த்த அறை. “நல்ல வியூ” என்று சிரித்துக்கொண்டே சாவி கொடுத்தான். டிராக்மா காலம் அது, கையில் டீக்குக்கூடப் பைசா இல்லை. மாதக்கணக்கில் அந்த ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு கப்பல் போகும், மத்தியானம் ஒன்று, ராத்திரி விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் போக ஊர் இருந்தது. நடுவே எங்கள் கப்பல், துரு ஏறிக்கொண்டு, கட்டிய இடத்திலேயே. என்னோடு இருந்த கோழிக்கோட்டு ஆள் கடைசியில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி மறைத்துவிட்டார்.

கோர்ட் கப்பலை ஏலம் விட்டு, பாங்குக் கடனுக்கும் முன்னால் மாலுமி சம்பளம் என்று சட்டம் இருந்ததால் தப்பித்தோம். இப்போதைய பையன்களுக்கு இந்த அளவு கஷ்டம் கிடையாது. 2017-லிருந்து கைவிடப்பட்ட மாலுமிக்கு நாலு மாதச் சம்பளமும் ஊர் திரும்புகிற செலவும் இன்சூரன்ஸில் வந்துவிட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு அது இல்லை. சரி, வந்த பணத்தை என்ன செய்தேன்? மச்சுக்குக் கான்கிரீட் போடு, மழைக்கு ஆச்சி கட்டிலைச் சுற்றிச் சட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதி உங்கப்பனுக்கு அனுப்பினேன். அவன் என்ன செய்தான்? கன்னியாகுமரி. வண்டி பிடித்து, ஆச்சியையும் உங்கம்மாவையும் கைக்குழந்தை உன்னையும் ஏற்றிக்கொண்டு, இருக்கிறதிலேயே விலை கூடிய அறை, கடல் பார்த்த அறை! போட்டோ வேறு அனுப்பி வைத்தான் எனக்கு. நீ அதில் கண்ணை மூடிக்கொண்டு அழுகிறாய். ஆச்சி சூரியன் உதிக்கிறதைக் கட்டிலில் இருந்தபடியே பார்த்தேன் என்று சாகிற வரை சொன்னாள்தான். அந்தக் கார்த்திகை மழைக்கும் சட்டி வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

போகட்டும். பழசைக் கிளற எழுதவில்லை. கடலுக்கு நேரே கட்டில் போட்டுப் படுப்பதற்குத் தனியாகக் காசு வாங்குகிறவனை நான் நம்புவதில்லை, அவ்வளவுதான். கடல் வெளியே சும்மா கிடக்கிறது. சாயங்காலம் பிராய்க்கி பக்கம் நடந்து போ. கரையோரம் பழைய கோட்டைச் சுவரின் அடிக்கற்கள் கிடக்கும், கிமு நாலாம் நூற்றாண்டில் கோனோன் என்கிற தளபதி கட்டியது. அந்தக் கல்லுக்கும் பாறைக்கும் நடுவே உள்ளூர்க் கிழவிகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ போகிறது ஆகஸ்டு இரண்டாம் வாரம். அந்த மாதம் ஏஜியனில் வடக்கேயிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். வானம் சுத்தமாக நீலமாக இருக்கும், மழை ஒரு பொட்டு இராது, கடல் மட்டும் கொதிக்கும். காற்று எட்டு பொஃபோர்ட் தொட்டால் துறைமுகப் போலீஸ் ஃபெரியை நிறுத்திவிடும். சின்னச் சின்ன வேகப் படகுகள் அதற்கு முன்பே நிற்கும். டிக்கெட்டைக் காட்டி அழுதாலும் நடக்காது. பெரிய கப்பலாகப் பார்த்து டிக்கெட் எடு, இரண்டு மணி நேரம் கூட ஆனாலும் பரவாயில்லை. நக்ஸோஸிலிருந்து திரும்பும்போது, விமானத்துக்கு முந்தின நாளே பிரேயஸ் வந்துவிடு. அதே நாளில் கப்பலும் விமானமும் வைத்துக்கொள்ளாதே, பாப்பா. அதனால்தான் கேன்சல் பண்ணக்கூடிய அறை, துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில் அறை என்கிறேன். காலையில் “இன்று கப்பல் இல்லை” என்றால் பெட்டியை இழுத்துக்கொண்டு அதே லாட்ஜுக்குத் திரும்பி இன்னும் ஒரு ராத்திரி கேட்கலாம். அப்படி ஒரு நாள் மாட்டிக்கொண்டால் பிரேயஸ் மியூசியத்துக்குப் போ. 1959-ல் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்த வெண்கல அப்போலோ அங்கே நிற்கிறார், ஆள் உயரத்துக்கு.

ஆகஸ்டு 15 மாதா திருநாள். நம்ம தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்கும்? அந்த வாரம் பிரேயஸ் அப்படித்தான் இருக்கும். தினோஸ் தீவுக் கோயிலுக்கு ஒரு நாடே கிளம்பிப் போகும். அறையும் டிக்கெட்டும் இப்போதே எடு. டிக்கெட்டில் கேட் நம்பர் இருக்கும். நீ போகிற பக்கத்துக்குப் பெரும்பாலும் இ6, இ7, ஸ்டேஷனுக்கு எதிரேதான். இ1 என்று போட்டிருந்தால் நடக்காதே, உள்ளே இலவச பஸ் ஓடும்.

கூட வருகிற தோழிகள் பற்றி. உங்கம்மாவிடம் மூன்று பேர் போகிறோம் என்று சொல்லியிருக்கிறாய். எனக்கு அனுப்பிய படத்தில் கட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அறையும் ஒருத்தருக்கு என்று போட்டிருக்கிறது. நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்கிற ஆள் நான் இல்லை. கப்பலில் திரிந்தவன், எந்த ஊரிலும் ராத்திரி பஸ்ஸில் ஒற்றையாக வேலை முடிந்து போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பிரேயஸிலும் நடுராத்திரி கிழவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், பயப்படுகிற ஊர் இல்லை. ஆனால் நீ எங்கே படுத்திருக்கிறாய் என்று வீட்டில் ஒருத்தருக்காவது சரியாகத் தெரிய வேண்டும். லாட்ஜ் பெயர், அறை எண், கப்பல் பெயர், மூன்றையும் தினமும் அனுப்பு. எனக்கு அனுப்பினால் போதும். அம்மாவுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. அவளுக்கு நீயே சொல்லிவிடு. என் வாயிலிருந்து வரும்படி வைக்காதே, எனக்குப் பொய் நிற்காது.

வயிற்றைக் காயப்போடாதே. மிக்ரோலிமானோவில் மீனைக் கிலோ கணக்கில் எழுதியிருப்பான். எடை போட்ட பிறகு தலை சுற்றும், முன்னாலேயே கேள். உள்தெருக் கடையில் நெத்திலி வறுத்துத் தருவான், காவ்ரோஸ் என்று கேள், தட்டு நிறைய வரும். சாளையும் உண்டு. நம் வீட்டுக் கை பக்குவம் இராது, ஆனாலும் எலுமிச்சை பிழிந்தால் இறங்கும்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? பெரியம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை ஊர் சுற்றப் போகிறாளா, கோர்ட்டுக்குப் போகிறாளா?” என்கிறாள். நீ எங்கள் எல்லாரையும்விட விவரமானவள். பத்தாம் வகுப்பில் தனியாகச் சென்னை போய்ப் பரிசு வாங்கி வந்தவள். உனக்கு நான் வழி சொல்வதே அதிகம். போய் வா, நன்றாகச் சுற்று, வெயிலுக்குத் தொப்பி போடு, கணக்குப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யாதே. திரும்பி வருகிற கடைசி ராத்திரி காலையில் கப்பல் பிடிக்கிற வேலை இல்லையே, அன்றைக்கு வேண்டுமானால் அந்த பால்கனி அறையையே எடுத்துக்கொள். கூட ஆகிறதை நான் உன் அக்கவுண்டில் போட்டுவிடுகிறேன். இன்றைக்கே போடச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் அதிகமாகவே வரும், ஐஸ்கிரீம் சாப்பிடு. உங்கப்பனிடம் மட்டும் மூச்சு விடாதே.

அன்புடன்,
பெரியப்பா

பி.கு. கொசுவுக்கு ஏதாவது எடுத்துப் போ. மலிவு லாட்ஜில் ஜன்னலுக்கு வலை இராது.