மேடையிலிருந்து கட்டத்திற்கு

நுழையும்முன்

நாடகம் நடிக்கப்படுவதற்காக எழுதப்படுவது. வகுப்பறையிலோ அது பெரும்பாலும் படிக்கப்படுகிறது. ஓவியக் கட்டங்களாலும் பேச்சுக் குமிழ்களாலும் கதை சொல்லும் சித்திரப் புதினம், நாடகம் கற்பிக்க எவ்விடத்தில் துணைபுரிகிறது, எவ்விடத்தில் போதாமற் போகிறது என்பதை ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' வழியாகக் காட்டுகிறது இப்பாடம்.

மூன்று உரைகள்

இங்கிலாந்தில் 16 வயதில் ஆங்கில இலக்கியப் பொதுத்தேர்வு எழுதும் மாணவர், ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றையேனும் முழுமையாகப் பயில வேண்டும். அது நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மொழி. பல சொற்கள் வழக்கொழிந்தவை. யார் எங்கே நிற்கிறார், யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதற்கான மேடைக்குறிப்புகளோ மிகச் சில. அரங்கில் நடிகரின் முகமும் குரலும் உணர்த்துவதை, அச்சிட்ட பக்கத்தில் மாணவரே கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

இதற்குப் படத்தின் துணையைத் தேடியது புதிய முயற்சியன்று. அமெரிக்காவில் 1941இல் தொடங்கிப் பின்னர் 'கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' எனப் பெயர்பெற்ற படக்கதை வரிசையில் ஷேக்ஸ்பியரும் இடம்பெற்றார். 2007இல் பிரிட்டனில் வெளிவந்த 'மங்கா ஷேக்ஸ்பியர்' வரிசை, ரோமியோ ஜூலியட் கதையை இன்றைய டோக்கியோ நகருக்கே கொண்டுசென்றது. கற்பித்தலுக்கு மிகவும் பயன்பட்டது 'கிளாசிக்கல் காமிக்ஸ்' பதிப்பகத்தின் முறை எனலாம். அது 'மேக்பெத்' நாடகத்தை ஒரே ஓவியங்களுடன் மூன்று நூல்களாக வெளியிட்டது. ஒன்றில் ஷேக்ஸ்பியரின் மூல வரிகள். ஒன்றில் இன்றைய ஆங்கிலம். மற்றொன்றில் சுருக்கமான உரையாடல். வாசிப்புத் திறனில் வேறுபட்ட மாணவர்கள் ஒரே பக்கத்தைப் பார்த்து உரையாட இது வழிசெய்கிறது.

எனினும், எளிய உரையோடு நின்றுவிடும் மாணவர் கதையை அறிகிறாரேயன்றி நாடகத்தை அறிவதில்லை. பேச்சுக் குமிழின் அகலத்திற்கேற்பச் செய்யுளின் அடி முறிகிறது, ஓசை மறைகிறது. ஆகவே மூல வரிகளை வாய்விட்டுப் படிப்பதற்கு ஓவியம் மாற்றாகாது.

குறுவாள் எங்கே?

தன் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியுள்ள மன்னன் டங்கனைக் கொல்லச் செல்லும் மேக்பெத்தின் கண்முன் குறுவாள் ஒன்று தோன்றுகிறது. பற்ற முயல்கிறான், கைக்கு அகப்படவில்லை. தன் இடையிலுள்ள உண்மை வாளை உருவி ஒப்பிடுகிறான். அடுத்து, தோற்ற வாளில் குருதித் துளிகளைக் காண்கிறான். பிறகு அப்படியொன்று இல்லை என்று தானே மறுக்கிறான். அரங்கில் அந்த வாளைக் காட்டாமலேயே நடித்துவிடலாம். ஓவியருக்கோ ஒவ்வொரு கட்டத்திலும் அதை வரைவதா, விடுவதா என்னும் முடிவு கட்டாயம்.

அந்த முடிவையே மாணவரிடம் ஒப்படைக்கலாம். படமில்லாத தனிமொழியை மட்டும் கொடுத்து, அதை ஆறு கட்டங்களாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். வாள் எந்தச் சொல்லில் தோன்றும்? குருதி எப்போது படியும்? மேக்பெத்தை வெளியிலிருந்து வரைந்தால் வெற்றுவெளிதானே தெரியும்? இவற்றிற்கு விடை தேடுபவர் ஒரு சொல்லையும் தாண்டிச் செல்ல இயலாது. அதன்பின் அச்சான சித்திரப் புதினத்தைத் திறந்தால், அது விடைநூலாகத் தோன்றாது. மற்றொரு வாசகர் எடுத்த முடிவாகவே தோன்றும்.

டங்கனின் கொலையை ஷேக்ஸ்பியர் மேடையில் நிகழ்த்தவில்லை. அது மேடைக்கு வெளியே நிகழ்ந்துவிடுகிறது. சித்திரக்கதைக் கலையை ஆராய்ந்த ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் வெளியிட்ட நூலில், ஒரு கட்டத்தில் ஓங்கிய கோடரியையும் அடுத்த கட்டத்தில் நகரின் மேல் எழும் அலறலையும் வரைந்து, இடையில் கொலை செய்தவர் வாசகரே என்கிறார். கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தின் ஆற்றல் அது. டங்கனின் கொலையை விரிவாக வரைந்துகாட்டும் ஓவியர், நாடகாசிரியர் காத்த மறைவைக் கலைத்துவிடுகிறார்.

காலியான இருக்கை

விருந்துக் காட்சியில் நிலைமை வேறு. கொலையுண்ட பேங்க்வோவின் ஆவி வந்து மேக்பெத்தின் இருக்கையில் அமர்வதாக 1623ஆம் ஆண்டின் தொகுப்புப் பதிப்பிலேயே மேடைக்குறிப்பு உள்ளது. ஆவியாக நடிப்பவர் அமர்ந்தபின் அரங்கிலுள்ள அனைவரும் அவரைக் காண்பர். ஆனால் உடனிருக்கும் விருந்தினர் காணக் கூடாது. சித்திரப் புதினம் இங்கே அரங்கை விஞ்சுகிறது. ஒரு கட்டத்தில் குருதி தோய்ந்த தலையுடன் பேங்க்வோ. அடுத்த கட்டத்தில் அதே இருக்கை காலி, அதை நோக்கிக் கூச்சலிடும் அரசன், எழுவதா அமர்வதா என்றறியாமல் திகைக்கும் பிரபுக்கள். இவ்விரண்டு கட்டங்களும் யார் யாருடைய கண்ணால் காணப்பட்டவை என்று ஆசிரியர் கேட்கும்போது, மாணவரின் விரல் மீண்டும் மூல நாடகத்தின் வரிகளைத் தேடிச் செல்கிறது.