ஆசிரியர் ஒற்றுமை

ஆசிரியர் வகுப்பறையில் தனித்து நின்றே கற்பிக்கிறார். எனினும், அவருடைய ஊக்கம் உடன் பணிபுரிவோரின் உறவைப் பொறுத்தே வளரும் அல்லது தேயும். எந்நேரமும் குறை கூறும் தலைமையாசிரியரின் கீழ்ப் பணியாற்றுவோர் புதுமுறைகளைக் கையாள அஞ்சுவர். தம்முள் நம்பிக்கை கொண்ட ஆசிரியரோ, ஐயங்களைக் கூசாது வினவுவர். தாம் கண்ட நல்ல முறைகளைப் பிறருக்கும் வழங்குவர். அவர்களுக்குப் பணியே இன்பமாகும்.

அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளை 1990-களில் ஆராய்ந்த பிரைக், சினைடர் என்னும் அறிஞர் இருவர், தம் முடிபுகளை 2002-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆகியோரிடையே நம்பிக்கை மிக்கிருந்த பள்ளிகளுள் இரண்டில் ஒன்று வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியது. நம்பிக்கை மிகக் குன்றிய பள்ளிகளுள் ஏழில் ஒன்றே முன்னேறியது. ஆதலின், ஆசிரியரது ஒற்றுமையின் பயனை முதற்கண் அடைவோர் மாணவரே ஆவர்.