டேங்கர் லாரியில் முனைவர் பட்டம்

சேலம், திருச்செங்கோடு பொறியியல் கல்லூரிகளில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் பிஎச்.டி. பதிவு செய்கிறவர்களுக்கு நாமக்கல் லாரிதான் முதலில் கண்ணில் படும். படட்டும். கூடவே ஓர் அல்காரிதத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதில்தான் சிக்கல்.

கைடு, விண்ணப்பம், பாடத்தாள் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். யு.ஜி.சி. 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. முதல் ஆறு மாதம் மென்பொருள் பக்கமே போகாதீர்கள்.

அந்த ஆறு மாதத்தில் கண்டுபிடிக்க வேண்டியது, எந்த முடிவை யார் எடுக்கிறார் என்பதை. 1959இல் டான்சிக்கும் ராம்சரும் எழுதிய லாரிக் கணக்கு, ஒரு முனையத்திலிருந்து பல பெட்ரோல் பங்குகளுக்குப் போகும் வண்டிகளைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு நாமக்கல் கேஸ் டேங்கருக்கும் வழித்தடக் கணக்கு போடுகிறார்கள். இந்த வண்டி மங்களூரிலோ கொச்சியிலோ லோடு ஏற்றி, ஒரே பாட்டிலிங் பிளாண்டில் மொத்தமாக இறக்கிவிட்டுத் திரும்புகிறது. எந்த பிளாண்ட் என்பதையும் எண்ணெய் நிறுவனம்தான் சொல்கிறது. உரிமையாளர் கையில் இல்லாத முடிவுக்கு மாடல் எதற்கு? அவருக்கு வயிற்றெரிச்சல், வண்டி கேட்டில் நிற்பதுதான். ஆக, இது வரிசைக் கணக்கு.

அடுத்தது தரவு. "சராசரியா எவ்வளவு நேரம் நிக்குமுங்க?" என்று உரிமையாளரிடம் கேட்காதீர்கள், போன வாரம் மூன்று நாள் நின்ற வண்டியைத்தான் சொல்வார். டிரைவர்களிடம் ஐந்து புள்ளிக் கேள்வித்தாளும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார்கள். டிரிப் ஷீட்டோடு பின் அடித்திருக்கும் எடைச் சீட்டைக் கேளுங்கள். காலி எடைக்கு ஒரு நேரம், லோடு எடைக்கு ஒரு நேரம் இருக்கும். இடைவெளிதான் ஏற்றும் அல்லது இறக்கும் நேரம். வந்து சேர்ந்த நேரம் ஜி.பி.எஸ். பதிவில் கிடைக்கும். வரைபடத்தில் பிளாண்டைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டால், சாலையோர ஓட்டலில் முறைக்காகக் காத்திருக்கும் வண்டிகள் விட்டுப்போகும். இரண்டு கிலோமீட்டருக்குக் குறைந்த வட்டத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஜி.பி.எஸ்.ஸில் சந்தேகமா? கொச்சியிலிருந்து சேலம் வரும் வண்டி விஜயமங்கலம், வைகுந்தம் சுங்கச்சாவடிகளைத் தாண்டிய நேரம் ஃபாஸ்டேக் கணக்கில் இருக்கும்.

தரவைச் சோதிக்க, ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி போதும்: நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை என்பது, மணிக்கு உள்ளே போகும் வண்டிகளைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியது. பல வாரச் சராசரியில் 40 வண்டி நிற்கிறது, மணிக்கு 5 போகிறது என்றால், காத்திருப்பு 8 மணி நேரம். உங்கள் அட்டவணை 3 என்றால் வட்டத்தைத் திரும்பப் போடுங்கள்.

மாடலுக்குப் பாடப்புத்தகச் சூத்திரம் வேண்டாம், சிமுலேஷன் செய்யுங்கள். வண்டிகள் கூட்டம் கூட்டமாகத்தான் வந்து சேரும், சூத்திரத்துக்கு அது ஒத்துவராது. முதல் விடை வந்ததும், வரிசை குறைந்தால் வண்டிக்கு மாதம் எத்தனை டிரிப் கூடும் என்று ஒரே தாளில் எழுதி உரிமையாளரிடம் காட்டுங்கள். "மழைக்காலத்துல இது நடக்காதுங்க" என்பார். அடுத்த அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.