ரவுண்டை ஜெயிக்கணுமா தங்கச்சி? இதைக் கேளு

போட்டிக்குப் பேர் கொடுத்துட்டேன்னு நீ சொன்னதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். உன் கையில பலம் இருக்கு, மூச்சும் தாங்குது. ஆனா அமெச்சூர் பாக்ஸிங்ல பலம் மட்டும் போதாது. மொத்தமே மூணு ரவுண்டு, உன் வயசுக்கு ஒவ்வொண்ணும் 3 நிமிஷம். பெரிய போட்டின்னா அஞ்சு ஜட்ஜ் இருப்பாங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் தனித்தனியா மார்க் போடுவாங்க. ஜெயிச்சவளுக்கு 10, மத்தவளுக்கு 9 இல்லன்னா அதுக்கும் கீழ. முதல் ரவுண்டு முழுக்க ஆளை எடைபோட்டுக்கிட்டே சுத்தி வந்தா அந்த 10 அவளுக்குப் போயிடும். மிச்ச ரெண்டையும் நீ ஜெயிச்சே ஆகணும். அதனால மணி அடிச்சதும் முதல் ஜாப் உன்னோடதா இருக்கட்டும்.

"தொட்டுட்டு ஓடிடு"ன்னு யாராவது சொன்னா கேட்காதே. ஜட்ஜுங்க பட்டன் அமுக்கி பாயின்ட் எண்ணின முறை 2012 லண்டன் ஒலிம்பிக்ஸோட முடிஞ்சது. இப்போ சுத்தமா விழுந்த அடியையும் பார்ப்பாங்க, ஆட்டம் யார் கையில இருக்குன்னும் பார்ப்பாங்க. சுத்தமான அடின்னா கிளவுஸோட முட்டிப் பக்கம் படணும். முகத்துல முன்னாலயோ பக்கவாட்டுலயோ, இல்ல பெல்ட்டுக்கு மேல உடம்புலயோ விழணும். அவ கார்டு மேல நீ பத்து அடி போட்டாலும் கை வலிதான் மிச்சம்.

நிறைய பேர் மறக்கிற விஷயம் இது: ஜட்ஜுங்க ரிங்கைச் சுத்தி உக்காந்திருக்காங்க. கயிறோரம் சிக்கிக்கிட்டு சண்டை போட்டா, அந்தப் பக்கத்து ஜட்ஜுக்கு உன் முதுகுதான் தெரியும். நீ போட்ட நல்ல பாடி ஷாட்டை அவர் பார்த்திருக்கவே மாட்டார். நடு ரிங்கைப் பிடி. பஞ்ச் போட்டதும் பக்கவாட்டுல ஒரு எட்டு வை, அவளைத் திரும்ப வை. 2022 இஸ்தான்புல் உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல நிகத் ஜரீன் தாய்லாந்து வீராங்கனையை 5-0ன்னு ஜெயிச்சாங்களே, அந்த வீடியோவை ஒரு தடவை காலை மட்டும் கவனிச்சுப் பாரு.

அவ அடிச்சா சும்மா விடாதே, உடனே திருப்பிக் கொடு. ஒவ்வொரு மோதலையும் உன் அடியோட முடி. கடைசி முப்பது செகண்டுக்கு மூச்சைச் சேர்த்து வை. ஜட்ஜ் மனசுல அதுதான் பசுமையா இருக்கும்.

தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போகாதே, கட்டிப் பிடிக்காதே. ஒரு வார்னிங் வாங்கினா ஒரு மார்க் போச்சு. கஷ்டப்பட்டு ஜெயிச்ச ரவுண்டு அதோட கைவிட்டுப் போகும். மூணு வாங்கினா ஆட்டத்துலயே இருக்க முடியாது.

ரெஸ்ட் ஒரே ஒரு நிமிஷம். உக்காரு, மூச்சை ஆழமா இழு, ஒரு வாய் தண்ணி. கோச் சொல்ற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வாங்கு. கேலரியில நாங்க கத்துறது எதையும் காதுல போட்டுக்காதே. தலை சுத்தினாலோ பார்வை மங்கினாலோ மறைக்காம கோச்சுகிட்ட அப்பவே சொல்லிடு.